குடுவைக்குள் இருந்தவர் யார்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சம்பளப் பிரிவுக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் செல்லம்மா. செல்களை வளர்க்கிற அம்மா என்று எவனோ ஒரு மாணவன் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் மறுப்பு சொல்லவில்லை. அவள் வேலை பிள்ளை வளர்ப்பு மாதிரிதான் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள்; உள்ளே இளஞ்சிவப்புத் திரவம்; அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும், மனித உடம்பிலிருந்து எடுத்த செல்கள். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற ஒரு பெட்டிக்குள் அவை வளரும். திரவம் மஞ்சளாகத் திரும்பினால் பசி என்று அர்த்தம், மாற்ற வேண்டும். இடம் நெருக்கடியானால் பிரித்து வேறு குடுவைக்குக் குடிவைக்க வேண்டும். கல்யாணம் என்றும் பார்க்க முடியாது, காய்ச்சல் என்றும் பார்க்க முடியாது. "உன் பிள்ளைங்க அழுமே, கிளம்பு" என்று அவள் கணவனே கிண்டல் செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் கொண்டுவந்து விடுவான்.

லிஃப்ட்காரரை அவளுக்கு வெகுகாலமாகத் தெரியும். அறுபதை நெருங்குகிற மனிதர். நீலச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். அந்தக் கட்டடத்துக்கும் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மருத்துவமனைக்கும் அவர்தான் லிஃப்ட் பராமரிப்பு. மாதம் ஒருமுறை வருவார். தட்டும் கையுமாக அவள் லிஃப்டில் ஏறினால் அவளுக்காகப் பொத்தானை அழுத்துவார். பழக்கம் அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"என்னண்ணே, லிஃப்ட் நின்னுடுச்சா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கும்மா. ஒண்ணு கேக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் வீட்டுக்காரி இங்க இருக்காளாமே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் அவர் நிதானமாகச் சொன்னார். மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. எதிர் மருத்துவமனையில் ஊசி போட்டுப் பாட்டில் பாட்டிலாக எடுத்தார்கள். அப்படி ஒருமுறை எடுத்தபோது, ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். "கீழ கொட்டுறதுதானே, யாருக்காவது ஆகட்டும்" என்று அவளே கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. இப்போது அதே டாக்டரை வழியில் பார்த்தபோது, அந்தச் செல்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன, இந்தக் கட்டடத்தில்தான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"நான் மாசாமாசம் வந்து போற கட்டடம்மா இது. தலைக்கு மேலயே இருந்திருக்கா, எனக்குத் தெரியலை."

செல்லம்மாவுக்கு அது எந்தக் குடுவை என்று தெரியும். மேடத்திடம் போய்க் கேட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி, கறார்ப் பேர்வழி. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "பார்க்கிறதுல என்ன இருக்கு? கோட்டு போட்டுக்கிட்டு, எதையும் தொடாம பார்க்கட்டும்" என்றார்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த லிஃப்ட்காரர், "ஒண்ணும் புரியலையே. மழைத்தண்ணி பட்ட கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். அவள் திருகைத் திருப்பினாள். கூழாங்கல் பரப்பிய மாதிரி செல்கள். அவற்றில் ஒன்று மட்டும் உருண்டு திரண்டு, விளிம்பு பளபளக்க, இடுப்பில் ஒடுங்கிக்கொண்டிருந்தது.

"அது ரெண்டா பிரியப்போகுதுண்ணே."

வெகுநேரம் அவர் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது கைக்குட்டையால் நுண்ணோக்கியின் கண்ணாடியைத்தான் துடைத்தார், கண்ணைத் துடைக்கவில்லை.

"உயிரோட இருக்காளா?"

"செல்லு உயிரோட இருக்குண்ணே."

"இதுதானேம்மா அவளைக் கொன்னது?"

"ஆமாண்ணே."

"இருந்தாலும் அவளோடதுதானே" என்றார்.

அதற்குப்பின் ஒவ்வொரு மாதமும் லிஃப்ட் வேலை முடிந்ததும் கையில் இருக்கிற கிரீஸை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். வந்தால் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆளும் இல்லை. யந்திரக்காரர் அல்லவா, கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார்.

"ஒண்ணு ரெண்டாகுதுன்னா உள்ளே இருக்கிற சரக்கு பாதிப்பாதி ஆகிடாதா?"

"ஆகாது. பிரியறதுக்கு முன்னாடியே உள்ளே இருக்கிற டி.என்.ஏ. பூராவையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும்."

"காப்பியா?"

"குடிக்கிற காப்பி இல்லண்ணே, நகல்."

அவர் சிரித்தார். அவள் ஒரு தாளை எடுத்து முறுக்கிய ஏணி ஒன்றை வரைந்தாள். "இந்த ஏணி நடுவுல ஒவ்வொரு படியா பிரிஞ்சுகிட்டே வரும். நாலே எழுத்துதான். எந்த எழுத்துக்கு எது ஜோடின்னு மாத்தவே முடியாது. அதனால பாதி ஏணி கையில இருந்தாலே போதும், எதிர்ப்பாதியைக் கட்டிடலாம். ரெண்டு பாதியும் ரெண்டு முழு ஏணியா ஆகிடும். ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு."

"தப்பு விழாதா?"

"விழும். கோடிக்கணக்கான எழுத்தாச்சே. எழுதிக்கிட்டுப் போறதே ஒவ்வொரு எழுத்தையும் திரும்பிப் பார்த்து, தப்புன்னா அழிச்சுட்டு எழுதும். அதையும் தாண்டின தப்பைத் திருத்த ஒரு கூட்டம் பின்னாடியே வரும். ஏணி எங்கயாவது உடைஞ்சா ஒட்டுறதுக்கு இன்னொரு கூட்டம் இருக்கு."

"அந்தக் கூட்டமே படுத்துடுச்சுன்னா?"

அவள் குடுவையைக் காட்டினாள்.

"பிரேக்கும் போயி, பிரேக் பார்க்கிறவனும் லீவுல போன மாதிரி" என்றார் லிஃப்ட்காரர். யாராலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

கேள்விகள் தீர்ந்ததும் நுண்ணோக்கியில் குனிந்தபடியே மெல்லிய குரலில் பேச ஆரம்பிப்பார். மகள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது, வீட்டுக் குழாய் ஒழுகுவது, மருமகனின் குறட்டை. செல்லம்மா தொட்டிப் பக்கம் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அவளும் அந்த நாளை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள். மாணவர்களுக்கு அந்தக் குடுவை ஒரு எண், அல்லது கணினித் திரையில் ஏறி இறங்குகிற ஒரு கோடு. அவள் கைவேலையை ஒரு மனுஷியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அப்படி ஒரு மாதம் வந்தவர் முகம் வாடியிருந்தார். "பொண்ணையும் சோதிச்சுக்கச் சொல்றாங்கம்மா. அந்த ஒட்டுற கூட்டம் சிலருக்குப் பிறவியிலேயே பழுதா இருக்குமாம், வழிவழியா வருமாம். அவ பயந்துகிட்டுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வர்றா. எனக்குத் தூக்கமே இல்லை."

அப்போதுதான் ஒரு மாணவி அந்தக் குடுவையின் டி.என்.ஏ.வில் புற்றுநோயோடு தொடர்புள்ள பகுதிகளை மட்டும் வாசித்து முடித்திருந்தாள். அந்த ஒட்டுகிற கூட்டத்துக்கான ஜீனில் பழுது எதுவும் இல்லை என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. ஆராய்ச்சி முடிவுகளை வீட்டுக்காரர்களிடம் சொல்லக்கூடாது, அது கண்டிப்பான விதி. செல்லம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க வீட்டம்மாகிட்ட அந்தப் பழுது இல்லண்ணே. பொண்ணைப் பயப்படவேண்டாம்னு சொல்லுங்க."

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தங்கச்சி" என்றார்.

ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, இந்தச் செல்கள் இன்னாருடையவைதான் என்று சோதித்து உறுதிசெய்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். வழக்கமான சடங்குதான். வெளியே ஒரு கூடத்துக்கு மாதிரி போயிற்று. பதில் வந்த அன்று காலை மேடம் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம குடுவையில இருக்கிறது பொம்பளை செல்லே இல்லை" என்றார். "ஆம்பளையோடது."

ஒரு மாணவன் குபீரென்று சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் அவனுக்கே விஷயம் உறைத்தது. முகம் வெளிறிப்போனான்.

மேடம் விளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பக்கத்து மேசையில் எல்லாச் சோதனைக்கும் பயன்படுத்துகிற ஒரு செல்வகை வளர்ந்துகொண்டிருந்தது. எப்போதோ எங்கேயோ செத்துப்போன யாரோ ஒருவருடைய கட்டியிலிருந்து வந்தது, உலகம் பூராவும் கைமாறிக் கைமாறி வளர்வது. அதில் ஒரு துளி தெறித்திருக்க வேண்டும். ஒரே ஒரு செல் போதும். அது ஒரே நாளில் தன்னை நகலெடுத்து இரண்டாகிவிடும். லிஃப்ட்காரர் மனைவியின் செல்களோ ஆடி அசைந்து வாரத்துக்கு ஒருமுறை பிரிகிறவை. சில மாதங்களில் வீட்டுக்காரி போய், வந்தவனே வீடாகிவிட்டான்.

திரவ நைட்ரஜன் தொட்டியில் அவ்வப்போது உறையவைத்திருந்த குப்பிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சோதித்தார்கள். எல்லாம் அந்த ஆணுடையவை. மிகப் பழைய ஒரே ஒரு குப்பியில் மட்டும் மனைவியினுடையவை கலப்பில்லாமல் இருந்தன. செல்லம்மாவுக்கு ஒரு மதியம் ஞாபகம் வந்தது. வளராமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த அந்தக் குடுவை திடீரென்று மளமளவென்று நிறைந்திருந்தது. "பிடிச்சுக்கிச்சு மேடம்!" என்று அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அது லிஃப்ட்காரர் கதவோரம் வந்து நின்றதற்கு முன்பு.

அப்படியென்றால் அவர் தன் மனைவியைப் பார்த்ததே இல்லை. ஒருமுறைகூட.

அப்போதுதான் இன்னொன்று அவள் புத்தியில் பட்டது. அந்த மாணவி வாசித்த எழுத்துகளும் அந்த ஆணுடையவைதானே? பழுது இல்லை என்று அவள் சொன்னது யாருடைய எழுத்தைப் பார்த்து?

"யார் கைன்னு தேடவேண்டாம்" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டுரையை நிறுத்தியாச்சு. எல்லாக் குடுவையிலயும் ப்ளீச் ஊத்திக் கொட்டிடு, செல்லம்மா. லிஃப்ட்காரர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்லிடறேன் மேடம்."

மகள் விஷயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குடுவைகளைக் கொட்டினாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். அவரிடம் காட்டி விளக்கிச் சொல்லத்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லிஃப்ட்காரர் வந்தார். நடையிலேயே ஒரு துள்ளல். அவள் வாயைத் திறப்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு பழகின இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"வெய்யும்மா, சீக்கிரம் வெய். இன்னிக்கு அவளுக்கு ஒரு சேதி இருக்கு."

அவள் குடுவையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அவர் குனிந்தார்.

"ஏய், கேட்டியா? பொண்ணு முழுகாம இருக்காடி. மூணு மாசம். உன்னை மாதிரியே வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடக்கா."

செல்லம்மா தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போகும்போது, "என்னம்மா உடம்பு சரியில்லையா, முகம் ஒரு மாதிரியா இருக்கே" என்றார். "தலைவலிண்ணே" என்றாள். அவர் போனபின் அந்தக் கடைசிக் குடுவையிலும் ப்ளீச்சை ஊற்றினாள். இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீரானது. அவனும் யாருக்கோ வேண்டியவனாகத்தான் இருந்திருப்பான் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை உதறிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவன் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினான். சாதாரணமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ஆள், கிண்டல் செய்யவில்லை.

"அந்தப் பொண்ணு உன் பேச்சை நம்பிச் சோதனை பண்ணாம இருக்கா. நீ நல்லவளா இருக்கணும்கிறதுக்காக அவ எத்தனை நாள் காத்திருக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகும் அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. எதிர் மருத்துவமனையில் லிஃப்ட் கயிறு மாற்றுகிறார்கள் என்று காவலாளி சொன்னதும் கிளம்பினாள். மொட்டைமாடியில் தகரக் கதவு போட்ட ஒரு அறை. உள்ளே பெரிய மோட்டாரும் எண்ணெய் வாசனையும். லிஃப்ட்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி! இவ்வளவு தூரம் படியேறியா வந்தே? நான்தான் லிஃப்டைக் கழட்டிப் போட்டிருக்கேனே."

அவள் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் தடுமாறினாள். குடுவையில் இருந்தது உங்கள் மனைவி இல்லை, வேறொருவர். எப்படியோ கலந்துவிட்டது, என் கையாகக்கூட இருக்கலாம். நீங்கள் முதன்முதலில் பார்த்ததும் அதுதான்.

ஸ்பேனர் அவர் கையில் அப்படியே நின்றது.

"வேற யாரு?"

"யாருன்னு எங்களுக்கே தெரியாதுண்ணே. ஒரு ஆம்பளை. செத்துப்போயி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"ஆம்பளையா?" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கேயோ போய்விட்டது. "அவ இதைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா. எவனோ ஒருத்தன்கிட்ட உக்காந்து குடும்பக் கதை பூராவும்…" கழிவுத் துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "தப்பு நடக்கும்மா. நான் பார்க்காத தப்பா? வேணும்னு செய்வியா நீ?"

அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "இன்னொண்ணு இருக்குண்ணே" என்றாள். மகள் விஷயத்தைச் சொன்னாள். நான் சொன்ன தைரியம் வேறு யாரோ ஒருவருடைய எழுத்தைப் பார்த்துச் சொன்னது. மகளை உடனே சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் எதிர்பார்க்காத கேள்வி அது ஒன்றுதான்.

"எப்பத் தெரியும்னு கேக்கறேன். போன தடவை நான் வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டுத்தான் வெச்சியா? நான் அதுகிட்ட…" மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரிங்க. நீங்க போங்க. வேலை இருக்கு" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'நீங்க'தான் அவளைப் படிக்கட்டு நெடுகத் துரத்திக்கொண்டு வந்தது.

மறுநாளே மகள் வந்தாள். மருந்துக்கடைச் சீருடையோடு, மூச்சு வாங்க. மேடத்தின் அறையில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"எங்கம்மாவைக் கொன்ன வியாதியை எங்கப்பாவுக்கு மாசாமாசம் காட்டியிருக்கீங்க. அதுவும் அவங்களோடது இல்லைங்கறீங்க. அவர் நேத்துலேர்ந்து யார்கூடவும் பேசலை. எனக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னது யாரு?"

மேடம் செல்லம்மாவைப் பார்த்தார். செல்லம்மா எழுந்து நின்று, "நான்தான் சொன்னேன்" என்றாள். மேடத்தின் முகம் இறுகியது. "இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். உங்கள் ரத்தத்தை மருத்துவமனையில் இன்றைக்கே கொடுங்கள், நாங்கள் அந்தக் கடைசிக் குப்பியைத் திறந்து உங்கள் அம்மாவின் எழுத்தைச் சரியாக வாசித்து டாக்டரிடமே ஒப்படைக்கிறோம் என்றார்.

செல்லம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதையாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. "உங்கம்மாவோட எழுத்துல பாதி உங்ககிட்டத்தான்…" என்று ஆரம்பித்தாள்.

"எனக்குள்ள இருக்காங்கன்னு சொல்லாதீங்க" என்றாள் மகள். "செத்த வீட்டுக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் விடாம இதையே சொல்லிட்டுப் போனாங்க. இருக்கிறது எது, அதைச் சொல்லுங்க. அந்தப் பழுது இருக்கா இல்லையா?"

"தெரியாது" என்றாள் செல்லம்மா.

மகள் தண்ணீரைக் குடித்தாள். "இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றாள்.

குப்பியை உருக்கினார்கள். பாதிச் செல்கள் டி.என்.ஏ. வாசிக்கப் போயின. மீதியைச் செல்லம்மா ஒரு புதுக் குடுவையில் விட்டாள். அந்தக் குடுவைக்குத் தனி மேசை, தனித் திரவம். மேடம் அவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தார், இனி வெளியாட்கள் யாரோடும் அவள் பேசக்கூடாது என்று. ஆனால் அந்தக் குடுவையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பெரும்பாலான செல்கள் உறைவிலேயே செத்திருந்தன. கொஞ்சம் போல ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொண்டதோடு சரி. பெருகவில்லை.

முடிவு வந்தது. அந்த அம்மாளுடைய டி.என்.ஏ.வில் பழுது இருந்தது, பிறவியிலிருந்தே. உடைந்த ஏணியை ஒட்டுகிற கூட்டத்தில். மகளின் ரத்தத்திலும் அதே இடத்தில் அதே எழுத்து பிசகியிருந்தது. அம்மாவுடைய உடம்பு ஒரு பிசகும் இல்லாமல் நகலெடுத்துக் கொடுத்திருந்த பிசகு. பிரசவம் முடியட்டும், அதன்பிறகு அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம், வருமுன்னரே தடுக்க வழி இருக்கிறது என்று டாக்டர் விளக்கினாராம். மகள் அழவில்லை, எதிரே இருந்த அப்பாதான் அழுதார் என்று மேடம் சொல்லிக் கேள்விப்பட்டாள்.

அதற்கப்புறம் ஒருநாள் இருவரும் வந்தார்கள். மேடத்திடம் மகள்தான் அனுமதி கேட்டிருந்தாள். லிஃப்ட்காரர் வேலைச் சட்டை போடாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். செல்லம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். அவள் குடுவையை வைத்துத் திருகைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள். மேடமும் கூடவே நின்றார்.

அவர் குனிந்து பார்த்தார். வெற்றிடத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் நீண்டு படுத்திருந்தன. எதுவும் உருளவில்லை, பளபளக்கவில்லை.

"அசையலையே" என்றார்.

"உயிர் இருக்குண்ணே. பெருகலை."

"இது அவதானா? உறுதியா?"

"உறுதியா அவங்கதான்" என்றார் மேடம்.

மறுபடி குனிந்தார். மகள் அவர் தோளில் கை வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் துக்கத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தோணலை" என்றார் மகளிடம். "அன்னிக்கு முதல்முதல்ல பார்த்தப்ப அவளேதான்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. சத்தியமா அடிச்சுக்கிச்சு. அது எவனோ. இது அவ. எனக்கு ஒண்ணும் தோணலை."

"வாங்கப்பா, போகலாம்."

"முப்பது வருஷம் கூட இருந்தேன். எனக்குத் தெரிய வேணாமா?"

மகள் பார்க்கவில்லை, பார்க்கிறாயா என்று மேடம் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். கதவருகே லிஃப்ட்காரர் நின்றார். "ஆராய்ச்சிக்கு ஆகும்னா வெச்சுக்கோங்க மேடம். அவ அதுக்குத்தான் குடுத்தா. நான் இனி வரலை" என்றார்.

அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு வேறொரு ஆள் வர ஆரம்பித்தான். குடுவையில் இருந்தவற்றை வளர்க்கச் செல்லம்மா தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தாள். திரவத்தை மாற்றினாள், சத்தைக் கூட்டினாள், நாளுக்கு இருமுறை பார்த்தாள். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பிடிவிட்டு மிதந்து, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. மேடத்திடம் போய், ஒரே ஒருமுறை அவரிடம் பேச அனுமதி வேண்டும் என்று கேட்டாள். மேடம் தன் தொலைபேசியையே நகர்த்தி வைத்தார்.

மகள்தான் எடுத்தாள். பின்னால் கைக்குழந்தை அழும் சத்தம். செல்லம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு நீங்களே பார்த்துக்கோங்க" என்றாள்.

"நீங்களே சொல்லுங்க" என்று மகள் தொலைபேசியைக் கைமாற்றினாள்.

"சொல்லுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"முடிஞ்சுதுண்ணே. இன்னிக்குக் காலையில."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தமும் கேட்டது.

"கடைசி வரைக்கும் நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தினமும் பார்த்தேன்."

"வேற எதுவும் கலக்கலையே?"

"இல்லண்ணே. அவங்க மட்டும்தான் இருந்தாங்க."

குழந்தையின் அழுகை மெல்ல அடங்கியது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள்.

"சரிங்க" என்றார். தொடர்பு அறுந்தது.

செல்லம்மா தொலைபேசியை மேடம் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்புறம் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, புதுக் கையுறை மாட்டி, மஞ்சளாகத் திரும்பியிருந்த மற்ற குடுவைகளை எடுத்து வெளியே வைத்தாள்.